தசைக்கு ஒரு தராசு. தராசு யார் கையில்?

மாட்டுச் சந்தையில் திமிலைத் தட்டிப் பார்ப்பார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். துண்டுக்குள் விரல்கள் பேசும், விலை படியும், கயிறு கைமாறும். தன் திமிலின் மதிப்பு என்ன என்பது, பாவம், அந்த மாட்டுக்கு மட்டும் தெரியாது!

மனிதனையும் அப்படிப் பார்த்த காலம் உண்டு. கங்காணி ஊருக்கு வந்தான், தோளையும் கையையும் பார்த்தான், பெயரை எழுதிக்கொண்டான், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் தமிழனைக் கப்பலேற்றினான். அந்தக் கணக்கு கங்காணியிடம் இருந்தது, துரையிடம் இருந்தது. தோளுக்குச் சொந்தக்காரனிடம் இல்லை.

இன்று கங்காணியின் கண்ணைவிடக் கூர்மையான ஒன்று வந்திருக்கிறது. கட்டைவிரல் அகலமுள்ள ஒரு கருவி. தொடையில் ஒட்டலாம், மணிக்கட்டில் கட்டலாம், காலணிக்குள் வைக்கலாம், உள்ளாடையில் தைக்கலாம். ஓடும்போதும், தாண்டும்போதும், பாரம் தூக்கும்போதும் தசை என்ன செய்கிறது என்பதை அது எண்ணாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை விளையாட்டு வீரர்களுக்கு மாட்டுகிறார்கள். "நமக்கென்ன அதனால்?" என்று கேட்கும் தோழர் உண்டு. தறியோரம் நின்று காலும் தோளும் கடுத்துப்போன பள்ளிப்பட்டுத் தோழர் அப்படிக் கேட்டால், அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

தமிழனுக்குத் தசையை அளக்கத் தெரியாதா? தென் மாவட்டத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் கிடக்கிறதே, அது என்ன? உருண்டைக் கல், பிடிக்க இடமில்லாத கல். அதை முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட வேண்டும். ஊரே சுற்றி நிற்கும். தூக்கியவன் தூக்கினான், தூக்காதவன் தூக்கவில்லை. அதிலே ஒளிவில்லை, மறைவில்லை. கல்லும் ஊருக்குச் சொந்தம், கணக்கும் ஊருக்குத் தெரிந்த கணக்கு, பெருமை மட்டும் தூக்கியவனுக்குச் சொந்தம்.

இப்போது வந்திருக்கும் கருவிகள் மூன்று நான்கு வகை. தசை சுருங்கும்போது அதில் மிக நுண்ணிய மின்னோட்டம் எழும். தோலின்மேல் ஒட்டிய தகடு அதைப் பிடித்துக் காட்டும். இது ஒன்று. கைப்பேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதல்லவா? அதற்குள் இருக்கும் அசைவுணரியையே மணிக்கட்டிலோ பாரக் கம்பியிலோ கட்டுவது மற்றொன்று. 80 கிலோவை நேற்று எவ்வளவு வேகத்தில் தூக்கினான், இன்று எவ்வளவு வேகத்தில் தூக்குகிறான் என்று அது சொல்லும். அதே பாரம் இன்று மெதுவாக ஏறினால் தசை இன்னும் ஓய்வு பெறவில்லை என்று பொருள்; அன்றைக்குப் பளுவைக் குறைக்கலாம். காலணிக்குள் வைக்கும் அழுத்த அட்டை மூன்றாவது. இடது கால் எவ்வளவு தாங்குகிறது, வலது கால் எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும்.

இவற்றை மந்திரக்கோல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தோலில் பிடிக்கும் மின்னோட்டம் வேறு, தசையின் வலிமை வேறு. தகடு ஒரு விரற்கடை நகர்ந்தாலும், வியர்வை வழிந்தாலும் எண் மாறிப்போகும். ஒருவனின் எண்ணை இன்னொருவனின் எண்ணோடு அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட்டுக்கொள்ளத்தான் பெரும்பாலும் உதவும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை; வாங்குகிற அதிகாரிகள் கேட்பதில்லை!

விலை கூடிய கருவிதான் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பையன் நின்ற இடத்தில் துள்ளட்டும். கால் தரையை விட்ட கணத்திலிருந்து மறுபடி தரையைத் தொட்ட கணம்வரை கைப்பேசியில் மெதுவோட்டப் படமாக எடுங்கள். அவன் காற்றில் இருந்த நேரம் அரை நொடி என்றால் அவன் எழும்பிய உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். 0.6 நொடி என்றால் 44. புவியீர்ப்புக் கணக்கு, பள்ளிக்கூடத்துப் பாடம். வாரம் ஒரு முறை இதை ஒரு நோட்டில் குறித்து வந்தால், அந்தப் பையனின் கால்வலு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அவன் தாய்க்கும் விளங்கும். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே தடையாக நிற்பது பணம் மட்டுமல்ல, மனமும்தான்.

தேவை இல்லையா என்றால், இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடி தங்கம். இரண்டாவது தங்கத்தை எப்படி வென்றார் தெரியுமா? தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடைத் தசையில் அடிபட்டிருந்தது. அந்த வலியோடுதான் வென்றார். அந்தப் போட்டியில் நம் பாரம் தூக்குவோருக்குத் தசை நோய் பார்க்கும் பிசியோ அரங்கினுள் வர அனுமதி கிடைக்கவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. தங்கத்தைக் கொண்டாட மேடை போட்டவர்கள், அந்தத் தொடையை யார் பார்த்தார்கள் என்று கேட்டார்களா?

மணிப்பூரின் மீராபாய் சானு இன்னொரு சான்று. விறகு சுமந்த சிறுமி. மணல் லாரிகளில் இடம் கேட்டுப் பயிற்சிக்குப் போனவர். 2021இல் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியதும் அந்த லாரி ஓட்டுநர்களை அழைத்துச் சிறப்பித்தவர். அவருக்குத் தோளிலும் முதுகிலும் தசை வலுவில் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஒரு பக்கம் ஓங்கி, ஒரு பக்கம் தாழ்ந்து. அதைக் கண்டு திருத்த 2020 அக்டோபரில் அவர் அமெரிக்கா போக வேண்டியிருந்தது! போய்வந்தார், 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்தி உலக சாதனை படைத்தார், அதே ஆண்டு டோக்கியோவில் வெள்ளி. தசையின் ஏற்றத்தாழ்வைக் கண்டு திருத்தினால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் ஒரு சானு அமெரிக்கா போகலாம். மீதிச் சானுக்கள்?

பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விசைத்தறி ஓசையில் விழித்து, விசைத்தறி ஓசையில் உறங்கும் வட்டாரம். மீட்டர் கணக்கில் கூலி. பகல் முறை முடித்த இளைஞன் மாலையில் கபடிக் களத்தில் இறங்குகிறான். எட்டு மணி, பத்து மணி நேரம் நின்ற கால் அது. அந்தக் காலோடுதான் பாய்கிறான், பிடிக்கிறான், முட்டியை முறுக்கிக்கொள்கிறான். பிறகு எண்ணெய்க் கட்டு. ஒரு மாதம் தறிக்கும் போக முடியாது. கூலியும் இல்லை, கபடியும் இல்லை. அவன் தொடையின் முன்தசையும் பின்தசையும் எந்த அளவில் இருந்தன, அன்றைக்கு அவன் ஆடியிருக்கலாமா, கூடாதா என்று சொல்ல யாரும் இல்லை. மாவட்ட விளையாட்டு அரங்குக்குப் போக வேண்டுமானால் திருத்தணியில் பஸ் மாறித் திருவள்ளூர் போக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் போக வேண்டும்.

இந்த ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் கிண்டி. அங்கே சென்னை ஐ.ஐ.டி.யின் விளையாட்டு அறிவியல் மையத்தில் குத்துச்சண்டை வீரர்களுக்கென்றே கருவி அமைத்தார்கள். கையுறைக்குள் அழுத்த உணரி, காலடியில் தரை தரும் எதிர்விசையை அளக்கும் அட்டை, இடுப்புக்குக் கீழே அசைவுணரி, எதிரே படக்கருவி. குத்து எந்த வகை, எந்தக் காலில் ஊன்றி வந்தது என்று பிரித்துச் சொல்லும் ஏற்பாடு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து, பெல்லாரி மாவட்டத்து விஜயநகரில் ஒரு பெரிய எஃகு நிறுவனம் நடத்தும் பயிற்சிக்கூடத்தோடு சேர்ந்து இந்த வேலை நடந்தது. நல்ல வேலை, பாராட்டுகிறோம். பாரிசில் இந்தியக் குத்துச்சண்டைக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை என்பதற்காக அறிவியலைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு போட்டியில் தோற்றதற்குத் தராசு பொறுப்பாகாது. நாம் கேட்பது வேறு. வரிப்பணத்தில் வளர்ந்த கூடத்தில் பிறந்த அறிவு, கர்நாடகத்து எஃகு ஆலைப் பயிற்சிக்கூடத்துக்குப் போகிற வழியில் பள்ளிப்பட்டை ஏன் பார்க்கக் கூடாது?

2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுப் பொருள் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கியது. மட்டையும் பந்தும் கபடி வீரனின் ஊருக்கே வந்து சேர்ந்தால் அது சிறிய செய்தி அல்ல. அந்தத் தொகுப்புக்கு அடுத்த படி, அளந்து பார்த்துச் சொல்லும் ஓர் ஆள். கருவியைவிட ஆள் முக்கியம். மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்து வெளிவரும் பிள்ளைகள் வட்டத்துக்கு ஒருவராக, மாதம் ஒரு நாள் பள்ளிப்பட்டு போன்ற எல்லையோர ஊருக்கு வந்தால் போதும். ஒரு கைப்பிடிக் கருவி, ஒரு துள்ளல் கணக்கு, ஒரு நோட்டு. தொடங்கிவிடலாம்.

இதுவரை ஆதரவு. இனிமேல் எச்சரிக்கை.

எண் பொல்லாதது. இதைப் பள்ளிப்பட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வடக்கெல்லைக் கிளர்ச்சியில் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்றார்கள். மக்கள் சிறை சென்றார்கள். படாஸ்கர் வந்தார். கிராமத்தை அலகாக வைத்தார், எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று குடிக்கணக்கைப் பார்த்தார், எல்லைக்கோட்டைக் கீறினார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டாரம் தாயகத்தோடு இணைந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு எண் இப்படியிருந்தால் இந்த மாநிலம், அப்படியிருந்தால் அந்த மாநிலம்! எண்ணை எடுப்பவன் யார், வைத்திருப்பவன் யார், அதை எதற்குப் பயன்படுத்துகிறான் என்ற கேள்வியை இந்த மண் ஒரு தலைமுறைக்கு முன்பே கேட்டுப் பழகியிருக்கிறது.

சாந்தி சௌந்திரராஜனை மறந்துவிட்டோமா? புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல்சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பிறகு அவர் உடலைச் சோதித்தார்கள். அது அவருடைய உடல். சோதனை முடிவு அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் நாடெங்கும் ஊடகத்தில் ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய முதல்வர் கலைஞர் 15 லட்சம் ரூபாய் தந்து, "நீ நம் பெண்" என்று சொல்லாமல் சொன்னார். ஆயினும் 2012இல் அந்த வீராங்கனை செங்கல்சூளையில் தினக்கூலிக்கு நின்ற செய்தி வந்தது. பிற்பாடு அவர் பயிற்சியாளராக நிமிர்ந்தார் என்றால், அது அவருடைய நெஞ்சுரம். அவர் உடலின் கணக்கை ஊருக்கு அவிழ்த்துப் போட்டவர்கள் யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. தசைக் கணக்கும் உடலின் கணக்குதான். "இவள் முட்டி இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்காது" என்று ஒரு கருவி சொல்ல, அதைத் தேர்வுக் குழு அறிந்து, அவள் மட்டும் அறியாமல் இருந்தால்?

இது விளையாட்டோடு நிற்காது என்பதுதான் தொழிலாளித் தோழர் காதில் போட வேண்டிய சேதி. வரலாற்றைப் பாருங்கள். இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோசோ என்ற அறிஞர் ஒரு கருவி செய்தார். நடுவிரலில் கயிறு கட்டி ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் சொல்வார். விரல் ஓய்ந்துபோகும்வரை புகை படிந்த உருளையில் கோடு விழும். மாணவர்களுக்குத் தேர்வு நடத்திவிட்டு வந்த பேராசிரியரின் விரல் சீக்கிரம் ஓய்ந்தது. மூளை களைத்தால் தசையும் களைக்கிறது என்று கண்டார். 1891இல் களைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலில், சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் பாரம் சுமந்து கூனிப்போன சிறுவர்களையும் எழுதினார். அளந்தவர், மனிதனுக்காக அளந்தார்.

1927இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஏ.வி. ஹில் அமெரிக்காவில் ஓட்டக்காரர்களின் உடலில் காந்தமேற்றிய இரும்பறுக்கும் ரம்பத் தகட்டைக் கட்டி ஓடவிட்டார், பாதையோரம் கம்பிச்சுருள்கள். ஓடுபவன் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது முள் அசைந்தது. வேகமும் தசையின் ஆற்றலும் கணக்காயின. இன்றைய உடுப்புக் கருவிக்கு அதுதான் பாட்டன். தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் அறிவுக்காக அளந்தார்.

மூன்றாமவரும் ஒருவர் அளந்தார். பிரடெரிக் டெய்லர். அமெரிக்கப் பெத்லகேம் எஃகு ஆலை. ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டியைச் சுமந்துகொண்டிருந்தான். கடிகாரம் வைத்து, நிற்கச் சொன்னபோது நிற்கவும், நடக்கச் சொன்னபோது நடக்கவும் செய்து, அவனை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாக டெய்லரே 1911இல் எழுதிவைத்தார். கூலி? ஒரு டாலர் 15 சென்ட் இருந்தது ஒரு டாலர் 85 சென்ட் ஆயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்கும் கொஞ்சமும்! அளவுகோல் ஆலைக்காரன் கையில் இருந்தால் கணக்கு இப்படித்தான் முடியும்.

பழங்கதை என்பார்கள். பழங்கதையா? நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில் கடிகாரம் கட்டினார்களே, அது என்ன? எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அலுவலகத் திரையில் காட்டும் கடிகாரம். கருவி பழுதானாலும் சம்பளத்தில் கை வைக்கிறார்கள் என்று அந்தத் தொழிலாளர்கள் குமுறினார்கள். 2020இல் சண்டிகரில் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். விளக்குமாறு பிடித்த கைக்குக் கடிகாரம். குப்பைக் கிடங்கின் நச்சுக் காற்றை அளக்க மட்டும் கருவி இல்லை!

சட்டம் காக்கும் என்பார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 7ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், தனக்கு நட்டம் வராமல் காத்துக்கொள்ளவும் முதலாளி தொழிலாளியின் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாள வாசல் திறந்திருக்கிறது. உடல்நலத் தரவுக்கென்று தனியாக ஒரு கடுமையான காவலும் அச்சட்டத்தில் இல்லை. டில்லியில் இயற்றப்பட்ட வேலி. ஆனால் வேலியில் முதலாளி நுழையுமளவுக்கு ஓர் இடைவெளி!

அப்படியானால் கருவியே வேண்டாமா? தறி வந்தபோது தறியை உடை என்ற இயக்கமல்ல நம்முடையது. கருவி வரட்டும், கடிவாளம் நம் கையில் இருக்கட்டும். அதற்கு வழி காட்டியிருப்பவர்களும் தொழிற்சங்கத்தார்தான். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்கள். அவர்களுக்கும் சங்கம் உண்டு. 2017இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் அந்தச் சங்கம் எழுதி வாங்கியது என்ன? உடுப்புக் கருவியை அணிவது வீரனின் விருப்பம், கட்டாயமில்லை. அந்தக் கருவி தரும் எண்ணை ஊதிய ஒப்பந்தம் பேசும்போது குழு முதலாளி எடுத்துக் காட்டக் கூடாது. மீறினால் 2,50,000 டாலர் வரை அபராதம். மாளிகையில் வாழும் வீரனுக்கே சங்கம் தேவைப்பட்டிருக்கிறது. மண்தரையில் கபடி ஆடுபவனுக்கு வேண்டாமா?

ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். அரசு தரும் கருவியில் அரசு விளையாட்டு விடுதிப் பிள்ளைகளின் தசைக் கணக்கு எடுக்கப்பட்டால், அந்த எண்ணின் முதல் படி தமிழில், அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கொடுக்கப்பட வேண்டும். பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் அல்லாமல், நீக்குவதற்கு அதைக் காரணம் காட்டக் கூடாது. காட்டினால் மேல்முறையீடு செய்ய இடம் வேண்டும். வெளி நிறுவனத்துக்கு அதை விற்பதோ, கொடுப்பதோ கூடாது. ஆலையிலும் தறிக்கூடத்திலும் எந்த உடுப்புக் கருவியும் சங்கத்தின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் தொழிலாளி உடலில் ஏறக் கூடாது. அப்படி ஏறினால், அது களைப்பைக் கண்டு ஓய்வு கொடுக்க மட்டுமே ஏற வேண்டும்.

இதிலே கடைசி வரி கொஞ்சம் பேராசையாகத் தோன்றலாம். எட்டு மணி நேர வேலை என்று முதலில் கேட்டபோதும் அப்படித்தான் தோன்றியது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளில் காவடி தூக்கி ஏறுகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்தியைப் பற்றி நம் கருத்து ஊரறிந்தது, அதை விடுங்கள். அந்தத் தொடைகளைப் பாருங்கள். அதிலே எத்தனை சதீஷ் இருக்கிறான், எத்தனை சானு இருக்கிறாள் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பள்ளிப்பட்டுத் தோழர்கள் முதல் வேலையாக ஒன்று செய்யலாம். படிப்பகத்துக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். ஞாயிறு மாலை கபடி ஆடவரும் பிள்ளைகளை வரிசையாகத் துள்ளச் சொல்லிப் படம் எடுங்கள். நேரத்தையும் உயரத்தையும் எழுதுங்கள். வலிக்கிறது என்று சொல்பவனின் பெயருக்கு எதிரே எந்த முட்டி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் அவனை ஆடவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் அரங்கத்து அதிகாரியின் மேசைக்குப் போங்கள். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்; நோட்டு அவர்களுடையது.